கடலடியில் ஒரு சலாம்

இதை எழுதலாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். வளைகுடாவில், நாங்கள் இருந்த கராமாவில் மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போவேன். அங்கே நரைத்த தாடிக்காரர் ஒருவர், பிஸ்மி சொல்லித்தான் தண்ணீரில் இறங்குவார். அவர் சேர நினைத்தது கடலடிக்கு முக்குளிக்கும் ஸ்கூபா வகுப்பு; அதற்கு எதையும் பிடிக்காமல் பத்து நிமிடம் மிதந்து காட்ட வேண்டும். அவரோ ஒவ்வொரு முறையும் மூழ்கினார்.

“என்ன காக்கா, இந்த வயசுல முத்துக் குளிக்கவா?” என்று அண்ணன் முறை வைத்துச் சிரித்தேன்.

“எம்மவன் இந்தக் கடல்லதான் படகோட முங்கிப் போனான், தம்பி. எவ்வளவு தேடியும் மய்யித்தே கிடைக்கல. அவன் கபுருக்குழி அதுதானே? வாப்பா போய் ஒரு சலாம் சொல்ல வேணாமா?”

அவர் மறுபடி மல்லாந்தார். நான் கரையில் நின்று துஆ கேட்டேன். அன்று மிதந்தார். பத்து நிமிடம் முடிந்து பயிற்சியாளர் விசில் அடித்த பிறகும் எழவில்லை. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடாதீர்கள். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சலாம்தான்.