கோப்பை சுற்ற எடுத்த நோட்டீஸ்

டென்மார்க்கின் பிராண்டே ஊரில் பழைய சாமான் சந்தை. நான் வாங்கிய பீங்கான் கோப்பையைச் சுற்றித் தர, யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் ஒரு பழுப்பேறிய தாளை எடுக்கிறார். அதில் ஒரு மீசைக்காரரின் படம். கீழேயுள்ள டேனிஷ் வரிகளை வாசித்தவரின் கை அப்படியே நின்றுவிடுகிறது.

“நூறு வருசத்துக்கு முந்தின தேர்தல் நோட்டீஸ். அமெரிக்காவில ஒரு மாநிலத்தில குடியேறின டேனிஷ்காரரிட்ட வோட்டுக் கேக்கினம். சட்டமா அதிபர் பதவிக்கு!”

“அரசாங்கத்தின் தலைமை வக்கீலுக்கா? அதற்குக்கூடத் தேர்தலா?” திகைத்துப்போகிறேன்.

“ஆரைக் கோர்ட்டில ஏத்திறது, ஆரை விடுறதெண்டு அவர்தானே முடிவெடுக்கிறது?” அவர் தாளைத் தடவிச் சீராக்குகிறார். “எங்கட நாட்டில, என்ர தம்பியைச் சுட்டவங்களுக்கு மேல வழக்குத் தேவையில்லையெண்டு சொன்ன சட்டமா அதிபருக்கு ஆர் வோட்டுப் போட்டது?”

நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். கோப்பையைச் சுற்றாமலே என்னிடம் நீட்டுகிறார்.