இருபத்தொன்பதாம் தேதி ஞோக்கி

சம்பளம் கைக்கு வந்தால் நெலிடா வீட்டுக்குப் போகமாட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து ஏப்ரனோடு நேரே கடைக்குத்தான் ஓட்டம். 1989இல் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் எல்லாருமே அப்படித்தான் ஓடினார்கள். காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. என்ன அநியாயம்! இறைச்சியை விட்டாள், சினிமாவை விட்டாள், முடி வெட்டிக்கொள்வதையும் விட்டாள். மாதாமாதம் இருபத்தொன்பதாம் தேதி ஞோக்கியை மட்டும் விடவில்லை. உருளைக்கிழங்கும் மாவும் பிசைந்து வேகவைத்த உருண்டைகள். தட்டுக்கு அடியில் ஒரு நோட்டு வைத்துச் சாப்பிட்டால் அடுத்த மாதம் கை நிறையும் என்பார்கள்.

டிராக்டர் ஆலையில் வேலை நாட்களைக் குறைத்ததிலிருந்து புருஷன் ஒஸ்வால்டோவுக்கு எல்லாவற்றிலும் சலிப்பு.

"மாவு வேற தீந்துபோச்சு. இந்த மாசம் விட்டுத் தொலையேன் கிழவி, எவன் கேக்கப்போறான்?"

"நான் கேப்பேன்! ஒண்ணொண்ணா விட்டுட்டே வந்தா, கடைசியில சோத்தையும் விடச் சொல்லுவ."

மிச்சமிருந்த நோட்டுகளோடு கிளம்பினாள். மாவுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கல்லா வரிசையில் நிற்கும்போது ஒலிபெருக்கி அலறியது: எல்லாச் சாமானுக்கும் முப்பது சதவீதம் கூடுதல். விலைச் சீட்டு ஒட்டும் ஆள் வரிசைக்கே வந்து அவள் பொட்டலத்தின் மேல் புது விலையை அறைந்தான்.

"யோவ், கைய எடு!" நகத்தால் அதைக் கீறி உரித்தாள். அடியில் பழைய விலை பளிச்சென்று இருந்தது.

"புது விலைதான்க்கா போடணும்" என்றாள் கல்லாப் பெண்.

"என் கைக்கு வந்தப்புறம் ஏறின விலைக்கு நான் எதுக்குடி அழணும்?" பழைய விலைக்கான நோட்டுகளை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மேலாளர் ஓடிவந்தார். "பின்னால ஆளுங்க நிக்கிறாங்கம்மா, நகருங்க."

"நிக்கிறோம், உனக்கென்ன?" என்றார் பின்னால் சோப்போடு நின்ற பெரியவர். சொல்லிக்கொண்டே தன் சீட்டையும் சுரண்ட ஆரம்பித்தார். வரிசை முழுக்கச் சுரண்டும் சத்தம். மேலாளர் முகம் செத்துப்போனது.

"பழைய விலையே போட்டுத் தொலைம்மா!"

மத்தியானம் ஒஸ்வால்டோ தட்டைத் தூக்கிப் பார்த்தான். அடியில் கசங்கிய சீட்டு ஒன்று.

"நோட்டு எங்க?"

"மாவாயிருச்சு."

"அப்ப இது?"

"நான் குடுக்காத விலை. அது மேல தட்ட வச்சுச் சாப்பிடு."

அவன் தட்டை அழுத்தி வைத்தான்.