பதில் தெரிந்தும் சொல்லாதவர்

நஸ்ரின் மேடம் இறந்த செய்தி வந்தபோது நான் காட்பாடியில் சென்னை வண்டிக்காக நின்றிருந்தேன். அழைத்தவன் எங்கள் கல்லூரியில் தோல் தொழில்நுட்பம் படித்த பழைய மாணவன். "சார், நான் மேடம் ஸ்டூடண்ட் பேசறேன்" என்றுதான் ஆரம்பித்தான். அவனுக்கு நானும்தான் பாடம் எடுத்தேன். நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று அவன் அழுதபோதும் அந்த முதல் வார்த்தை என்னை உறுத்திக்கொண்டிருந்தது. சென்னையை விட்டுவிட்டு ஆம்பூருக்கு வண்டி ஏறினேன். அவர் வீட்டு வாசலில் தெரு கொள்ளாமல் பிள்ளைகள் நின்றார்கள். நான் போனால் இத்தனை பேர் வருவார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

அவரை அறிந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். எனக்கு அவர் மேல் பொறாமை. அவரே ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரிப்பார்.

நான் கரும்பலகைக்காரன். பச்சைத் தோல் ஊறுவதிலிருந்து பளபளப்பு ஏறுவது வரை வரிசையாகச் சொல்லி, படம் போட்டு, குறிப்பும் கொடுத்துவிடுவேன். மணி அடிக்கும்போது பாடம் முடிந்திருக்கும். மேடமோ, கம்பெனியில் கழித்துப்போட்ட ஷூ ஒன்றை மேஜையில் வைத்து, "இதுக்கு இன்னா ஆச்சு, கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

போன மார்கழியில் வந்தது ஒரு கறுப்பு ஷூ. மேலெல்லாம் வெள்ளை படிந்திருந்தது. பிள்ளைகள் கூடிப் பேசி, பூஞ்சை என்று முடிவுகட்டி மருந்து போட்டார்கள். தோலுக்குள் ஏற்றிய எண்ணெய்தான் குளிரில் வெளியே வந்து உறைகிறது என்று வராந்தாவில் போன எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாதா? வாயே திறக்கவில்லை. ஒருவன் ஷூவை வெயிலில் வைத்தான், வெள்ளை மறைந்தது. ஜெயித்துவிட்டோம் என்று குதித்தார்கள். மறுநாள் காலைக் குளிரில் வெள்ளை திரும்பியிருந்தது. பூஞ்சை என்றால் வெயிலில் எப்படிக் கரையும் என்று அப்போதுதான் ஒருத்தி கேட்டாள். அதன்பின் அவர்களை நூலகத்திலிருந்து கிளப்ப முடியவில்லை. என் பாடத்துக்காக யாரும் நூலகம் போனதில்லை.

"இதுக்கு இவ்ளோ நாள் இழுக்கணுமா மேடம்?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சிக்கினு சும்மா உக்கார்றது இருக்கே சார், அதுதான் ஜாஸ்தி வேலை" என்றார்.

பிறகு ஒருநாள் முதல்வர், எந்த முறை பிடித்திருக்கிறது என்று எங்கள் முன்னாலேயே பிள்ளைகளைக் கேட்டார். பரீட்சைக்கு சார் கிளாஸ்தான் என்றார்கள் பலர். மேடம் வகுப்பில் நேரம் வீணாகிறது, குழுவில் ஓரிருவர் உழைக்க மற்றவர்கள் ஓபி அடிக்கிறார்கள் என்றும் குறை வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது திவ்யா என்ற பெண் எழுந்தாள்.

"சார் கிளாஸ்ல எல்லாம் புரிஞ்சிடும் சார், அத்தோட விட்டுடுவோம். மேடம் கிளாஸ்ல ஒண்ணும் புரியாது. வீட்டுக்குப் போனாலும் அதே நெனப்பா இருக்கும்."

எல்லோரும் கைதட்டினார்கள். வயிறு எரிய நானும் தட்டினேன்.

இப்போது அவர் வகுப்பை எனக்கே கொடுத்துவிட்டார்கள். அவரைப்போலவே நானும் ஒரு ஷூவை வைத்தேன். உள்தோலின் சாயம், அணிந்தவரின் சாக்ஸில் ஒட்டிய ஷூ. சாக்ஸ் மட்டமானது என்று ஒரு குழு சாதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை. எழுந்துபோய்ப் பலகையில் முழுக் காரணத்தையும் படத்தோடு எழுதிவிட்டேன். பிள்ளைகள் அமைதியாக எழுதிக்கொண்டார்கள்.

"பரவால்ல சார்" என்றாள் திவ்யா, எனக்கு ஆறுதலாக. "மேடமா இருந்தா இன்னும் ரெண்டு நாள் எங்கள தப்பாவே பேச விட்டிருப்பாங்க."

போனவர் மேல் பொறாமைப்படக் கூடாது என்பார்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதை விடுவதாக இல்லை. நாளைக்கு மறுபடியும் அதே வகுப்பு. சாக்பீஸ் எடுக்காமல் போகப் போகிறேன்.