சிவப்புப் பொட்டு ஒட்டிய கால்

பலகையைக் காதருகே தூக்கிப் பிடித்து, விரல் முட்டியால் இரண்டு தட்டு. கண்ணை மூடி இன்னும் ஒரு தட்டு. கிள்ளான் பாசார் சந்தையில் பக்கிரிசாமி காய் நறுக்கும் பலகை வாங்குகிற விதம் இதுதான். “பாஸ், அது பலகை, தர்பூசணி இல்லை!” என்று சீனக் கடைக்காரர் மலாயில் சொல்லிச் சிரிப்பார். பக்கிரிசாமியும் கூடவே சிரிப்பார். ஆனால் தட்டுவதை நிறுத்தமாட்டார்.

ஐம்பத்தாறு வயது. வாரத்தில் ஆறு நாள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் ஏர்கோன் என்னும் ஏசி கழுவுகிறார். ஏழாம் நாள் கிள்ளான் வீட்டில் ஹெட்போன் செய்கிறார். முதல் ஹெட்போன் அடுப்படியில் இருந்த பலகையைப் பலி வாங்கியது. அதற்குப் பிறகுதான் இந்தப் பாசார் பயணமெல்லாம்.

“கடையில வாங்குனா கேக்கலாம், அவ்வளவுதான் லா. நம்மளே செஞ்சா, கெட்டுப்போனா யாரத் திட்டணும்னு தெரியும்,” என்பார்.

கூம்பு வைத்த சாதாரண ஸ்பீக்கர் அவருக்கு ஆகாது. அவர் வரவழைப்பது தட்டையானது. ‘ப்ளேனர்’ என்று பிள்ளையின் பெயரைச் சொல்வதுபோல் சொல்வார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய சட்டம். உள்ளே வெங்காயத் தோல் மாதிரி ஒரு படலம், அதன்மேல் வளைந்து வளைந்து ஓடும் உலோகக் கோடு, இரு பக்கமும் காந்தம். பெரிய ஒலிப்பெட்டிக்குள் போகவேண்டிய இந்தச் சாமான்கள் இரண்டைப் பலகை வளையங்களில் பொருத்தி, பழைய பள்ளிப்பையின் வாரைத் தலைப்பட்டையாக்கிவிடுவார்.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கம்பி சேர்க்க இரண்டு கால் உண்டு. பேட்டரியை அவற்றில் தொடவைத்துப் பார்த்து, பிளஸ் கால் எது என்று கண்டுபிடித்ததும் அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவார். பொட்டு அவர் மனைவி அமுதவள்ளியுடையது.

“ஒரு மார்க்கர் வாங்கக் கூடாதா நீங்க?”

“மார்க்கர் அழிஞ்சிரும் வள்ளி. பொட்டு நிக்கும்.”

அதனால் அமுதவள்ளி பொட்டு அட்டைகளை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைக்கிறார்.

ஆனால் இதுவரை செய்த எட்டு ஹெட்போனையும் முதலில் மாட்டிக் கேட்டவர் அவர்தான். கோயில் தேவாரக் குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறவர்; அந்தக் காதை ஏமாற்ற முடியாது. சோதனைக்கும் அதே குழுவின் பாட்டுதான், ஒரு வெள்ளிக்கிழமை இரவல் ரெக்கார்டரில் பக்கிரிசாமி பதிவு செய்தது. எட்டுக்கும் அமுதவள்ளி சொன்னது ஒன்றே ஒன்று: “பரவால்ல லா.” அதைக் கேட்டால் அன்றைக்கு முழுக்க மனிதருக்குச் சோறு இறங்காது.

ஒன்பதாவதைத் தொடங்கும்போது வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். “இதுவும் பரவால்லன்னா, சாப்பாட்டு மேசைய காலி பண்ணிக் குடுத்துட்டு இந்த வேலையவே விட்டுர்றேன்.”

கருவிகள் மேசையைப் பிடித்துக்கொண்டதால் மூன்று வருடமாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் அமுதவள்ளி, “சத்தியமா?” என்றார்.

“சத்தியமா,” என்றார் பக்கிரிசாமி.

போன ஞாயிறு காலை, இரண்டு ஸ்பீக்கருக்கும் பொட்டு ஒட்டிவிட்டு, திருகாணி வாங்கப் பாசாருக்குப் போனார். திரும்பி வந்து பொட்டு பார்த்துக் கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டினார். மத்தியானம், கோயிலிலிருந்து வந்த அமுதவள்ளி புடவைகூட மாற்றாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நெற்றி சுருங்கியது.

“என்னங்க இது, பாட்டு எங்கயோ தள்ளிப் போய் நிக்குது. நடுவுல ஆளே இல்ல.”

‘பரவால்ல’கூட இல்லை! பக்கிரிசாமி வாங்கி மாட்டிப் பார்த்தார். உண்மைதான். ஒரு பக்கப் படலம் முன்னே தள்ளும்போது மறுபக்கம் பின்னே இழுத்தால் இப்படித்தான் கேட்கும். ஆனால் பொட்டு பார்த்துத்தானே ஒட்டினோம்? திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பியும் பொட்டும் சரியாகத்தான் இருந்தன. இடுக்கியை எடுத்துப் பெட்டியில் போட்டார். அடுத்து ரம்பத்தை எடுத்தார். பாதி மேசை வெறுமையானது.

அந்த மேசைக்காக மூன்று வருடம் காத்திருந்த அமுதவள்ளிக்கு இப்போது அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

“என்னங்க, ஒன்னு சொல்லவா? நீங்க பாசாருக்குப் போனப்ப, கோயிலுக்குக் கெளம்பற அவசரத்துல அதுல ஒரு பொட்ட எடுத்து நெத்தியில வச்சுப் பாத்தேன். பசை புடிக்கல. திருப்பி ஒட்டிட்டேன்.”

“எங்க ஒட்டுன?”

“எடுத்த எடத்துலதான்...” கொஞ்சம் யோசித்தார். “எடத்துக்குக் கிட்ட.”

பக்கிரிசாமி நாற்காலியில் சரிந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அதே சிரிப்போடு, பொட்டு மாறி ஒட்டியிருந்த பக்கத்து இரண்டு கம்பிகளையும் கால் மாற்றி ஒட்டினார்.

அமுதவள்ளி மறுபடி மாட்டினார். முதல் அடி முடிவதற்குள் வீடே அதிரக் கத்தினார்: “தங்கமணி அக்கா மூச்சு எடுக்கறது கேக்குதுங்க! அன்னிக்கு மழையா? கூரையில மழை பேயுது!”

“எப்படி இருக்கு?” என்று பக்கிரிசாமி கேட்டார். கையைக் காட்டி அடக்கிவிட்டார் அமுதவள்ளி. பாட்டு ஓடும் கைப்பேசியும் கையுமாக, ஹெட்போனைக் கழற்றாமலே அடுப்படிக்குப் போனார். அரிசி டின் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர், புதுப் பொட்டு அட்டை ஒன்றை உதறி, ஒட்டியிருந்த இரண்டு அரிசியைத் தட்டிவிட்டு, அவருடைய கருவிப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியைத் தூக்கி மேசையின் நடுவில் வைத்துவிட்டு, வழக்கம்போல் தரையில் உட்கார்ந்து பாட்டைக் கேட்கத் தொடங்கினார்.