போர்வைக்குள்ள வாசிச்ச பேய்கள்

பேய்க்கதை வாசிக்கிற வேலைக்குத் தைரியமான ஆள் வேணும்னு நினைப்பீங்க. அப்படி இல்லைங்க, நாலு பேரைப் பார்த்தா நாக்கு ஒட்டிக்கிற ஆள்தான் வேணும். ஹட்டன் டவுன்ல போட்டோகொப்பி கடை வச்சிருக்கிற ஒரு அண்ணன், யூடியூப்ல பேய்க்கதை சேனல் நடத்துறார். கொப்பி எடுக்கப் போன இடத்துல நான் பேசினதைக் கேட்டுட்டு, "தங்கச்சி, ஒங்க குரல் தானாவே நடுங்குது, நமக்கு அதுதான் வேணும்"னு சொன்னார்.

எட்டாம் வகுப்போட நின்னவ நான். ஆனா கையில கிடைக்கிற பேப்பரை எல்லாம் எழுத்துக் கூட்டியாவது வாசிச்சிருவேன். பேய்க்கதைன்னா சோறு ஆறிப்போறதுகூடத் தெரியாது. அதோட என் மகளுக்கு இழுப்பு வியாதி. தோட்டத்துல பிள்ளைங்களைப் பாத்துக்கிற பிள்ளைக்காம்பராவில விட்டுட்டு நான் தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போனா, குளிர்ல கிடந்து மூச்சு வாங்குவா. பிள்ளையை மடியில வச்சிக்கிட்டே செய்யிற வேலை வந்தா விடுவேனா? வாயைத் திறக்கக் கூச்சப்பட்டு எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டு இருக்கிற அக்கா தங்கச்சிமாரே, இதை உங்களுக்குத்தான் எழுதுறேன். என்னோட சேர்ந்து நீங்களும் கொஞ்சம் கோபப்படுங்க.

சிரிப்பு

சுவரோட சுவரா ஒட்டிக் கட்டின எங்க லயத்துல ஒரு காம்பராவுல தும்மினா அடுத்த காம்பராவுல "நூறு வயசு"ம்பாங்க. அதனால போர்வைக்குள்ள தலையை விட்டு, ஃபோனை வாய்கிட்ட பிடிச்சுத்தான் வாசிப்பேன். ஒரு நாள் காலையில, கிணத்துல விழுந்து செத்தவ சிரிக்கிற இடம். எனக்குச் சாதாரணமாவே பல்லைக் காட்டிச் சிரிக்க வராது. அனுப்ப அனுப்ப அண்ணன், "பத்தாது, இன்னும் கொடூரமா"ன்னு திருப்பி அனுப்புறார்.

வந்தது வரட்டும்னு வெறி பிடிச்ச மாதிரி சிரிச்சு முடிச்சுத் தலையை வெளியில எடுத்தா, பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா விபூதித் தட்டோட நிக்கிறாங்க. அவங்க பின்னால பாதி லயம் நிக்குது. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன், வாய் நிறைய விபூதி. அன்னைக்கு வேலை முடிஞ்சு வந்த என் புருஷன்கிட்ட அவங்க சொன்னாங்க: "தம்பி, ஒன் பொண்டாட்டிக்குள்ள வந்திருக்கிறது யாருன்னு தெரியல; ஆனா ஒன் பொண்டாட்டியவிட நல்லாச் சிரிக்குது."

ரோதமுனி

என் புருஷனுக்குத் தேயிலை ஃபெக்டரியில வேலை. அங்க மெஷினுக்கும் மனுஷனுக்கும் காவல் ரோதமுனி சாமி. அவருக்குத் தேங்காய் உடைக்காம புது மெஷினை ஓட்ட மாட்டாங்க. கொழும்புல இருந்து ஒரு எழுத்தாளர் அனுப்பின கதையில, ரோதமுனி தொழிலாளி ரத்தத்தைக் குடிக்குது! "அண்ணே, அது சாமிண்ணே, பேயில்ல"ன்னு சொன்னேன். அதுவரைக்கும் நான் அவர்கிட்ட பேசினதிலேயே நீளமான பேச்சு அதுதான். அவர் ஃபோன்ல இருந்து தலையை எடுக்காமலே சொன்னார்: "சாமின்னா வெள்ளிக்கிழமை மட்டும்தான் பார்ப்பாங்க தங்கச்சி. பேய்ன்னா ஏழு நாளும் பார்ப்பாங்க."

பேர் இல்லாதவங்க

வாசிச்சு வாசிச்சுத்தான் இதைக் கவனிச்சேன். பங்களாவுல துரைப் பேய் வந்தா அதுக்குப் பேர் இருக்கும், கோட்டு இருக்கும், சுருட்டு இருக்கும், ஏன் செத்துச்சுன்னு ரெண்டு பக்கம் இருக்கும். மலையில செத்தவ வந்தா 'அந்தக் கூலிப் பெண்ணின் ஆவி'. அவ்வளவுதான். செத்தும் கூலியா? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்தச் சொல் வர்ற இடத்துல எல்லாம் 'காமாட்சி'ன்னு நானே பேர் வச்சு வாசிச்சு அனுப்பினேன். அண்ணன் எல்லாத்தையும் வெட்டிட்டார். ஏன்னு கேட்டதுக்குச் சொன்னார்: "துரைப் பேய்க்குத்தான் பேர், ஊரெல்லாம் வேணும். கொழுந்துக்காரிப் பேய்க்குத் தலைமுடி இருந்தாப் போதும்."

அரைப்பேர்

கடைசியா வந்த கதைக்குத் தலைப்பு 'அரைப்பேய்'. கொழுந்து எடுக்கையில குளவி கொட்டிச் செத்த பொம்பளை, பாதி முகம் மனுஷியாவும் பாதி முகம் பேயாவும் கூடையோட வந்து சின்னப் பிள்ளைங்களைத் தூக்குறாளாம். அது யாருன்னு எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. எங்க கீழ் லயத்து லெச்சுமி அக்கா.

அன்னன்னைக்குச் சொன்ன எடைக்குக் கொழுந்து குறைஞ்சா எங்களுக்கு அரை நாள் சம்பளம்தான். அதுக்குப் பேர்தான் 'அரைப்பேர்'. குளவி கொட்டி லெச்சுமி அக்காவைக் கம்பளியில தூக்கிக்கிட்டு ஓடின அன்னைக்கும், கொழுந்து பத்தலைன்னு அவங்களுக்கு அரைப்பேர்தான் போட்டாங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேரல அவங்க. இந்தப் பேச்சு டவுன் வரைக்கும் போச்சு, அண்ணன் அதைக் கொழும்புக்கு எழுதி அனுப்பியிருக்கார். எழுத்தாளருக்கு எங்க சொல் தெரியல. எழுத்துப் பிழைன்னு நினைச்சு, 'பேர்'ங்கிறதை 'பேய்'னு திருத்தி, அதுக்கேத்த மாதிரி ஒரு கதையே கட்டிட்டார்.

அன்னைக்கு நான் போர்வைக்குள்ள போகல. பிள்ளையை இடுப்புல வச்சிக்கிட்டு நேரா லெச்சுமி அக்காவோட தங்கச்சி ராசம்மா அக்காகிட்ட போய், கதையை வாசிச்சுக் காட்டினேன். நாளைக்கு ஊரே கேட்டுட்டு வந்து சொல்றதைவிட நானே சொல்றது மேல். அழுவாங்கன்னு நினைச்சேன். அவங்க வெத்திலையைத் துப்பிட்டு, "உசுரோட இருந்தவளுக்கும் அரை, செத்தவளுக்கும் அரையா? முழுப்பேயாப் போடச் சொல்லுடி!"ன்னாங்க.

அங்கேயே நின்னு அண்ணனுக்கு வொய்ஸ் போட்டேன். "அவங்க பேர் லெச்சுமி. மூணு பிள்ளைக்குத் தாய். அவங்க யார் பிள்ளையையும் தூக்க மாட்டாங்க. நான் இதை வாசிக்க மாட்டேன், யாரையும் வாசிக்க வைக்காதீங்க"ன்னேன். ஒரு இடத்துலகூட என் குரல் நடுங்கலைங்க. உடனே பதில் வந்துச்சு: "தங்கச்சி, இந்தக் கோபம் சூப்பர்! இதே குரல்ல கதையை வாசிச்சு அனுப்புங்க, பேய் பழிவாங்குற இடத்துக்கு அப்படியே பொருந்தும்!"

இப்ப மகளைப் பிள்ளைக்காம்பராவில விட்டுட்டுத் திரும்பவும் மலைக்குத்தான் போறேன்; அங்க யாரும் என்னை நடுங்கிப் பேசச் சொல்றதில்லை, வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருன்னு மட்டும்தான் சொல்றாங்க.