பெண் பார்க்க வந்தவர்களும் ஒரு கடல் முதலைக் குடும்பமும்

இந்த முறை என் படிப்பைப் பற்றிக் கேட்டால் மழுப்பக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். முன்பு வந்த வரன்களிடம் அப்பா, "பொண்ணு காலேஜ்ல ஏதோ ஆராய்ச்சி பண்ணுது" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். அன்னவாசலில் உரக்கடை வைத்திருப்பவர் அவர். மகள் செத்துப்போன முதலைகளைப் படிக்கிறாள் என்று வீடு தேடி வந்தவர்களிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

குடுமியான்மலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, சித்தப்பா. மாப்பிள்ளை ஜெகதாப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பிளாண்ட் நடத்துகிறார். சித்தப்பா சிங்கப்பூரில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். பேச்சை அவர்தான் ஆரம்பித்தார்.

"என்னம்மா ஆராய்ச்சி பண்றீங்க?"

"முதலைச் சாதியில அழிஞ்சுபோன ஒரு குடும்பம் மாமா. மெட்ரியோரிங்கிடேன்னு பேரு. டைனோசர் காலத்துல கடல்லயே வாழ்ந்துச்சு."

"கடல்ல முதலையா?" என்று மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

கால்கள் துடுப்பாக மாறியதையும், முதுகில் இருந்த எலும்புக் கவசம் மறைந்துபோனதையும், வால் மீன்வால் போல் ஆனதையும் சொன்னேன். வெளியிலிருந்து பார்த்தால் யாரும் முதலை என்று சொல்லமாட்டார்கள். மண்டையோட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

"அதான் அழிஞ்சுபோச்சே, இன்னும் என்ன இருக்கு படிக்க?" என்றார் சித்தப்பா.

"அது எங்கிட்டுப் பிரிஞ்ச கிளைன்னு இன்னும் முடிவாகலை மாமா. மூஞ்சி நீளமா இருக்கவும், மத்த நீள மூஞ்சி முதலைகளோட கொண்டுபோய்ச் சேத்துட்டாங்க சிலபேரு. மீனைத் தின்னு பொழைக்கிற நெறைய பிராணிக்கு அப்படித்தான் மூஞ்சி நீளும். அத வச்சு ஒரே குடும்பம்னு சொல்ல முடியுமா? இது ரொம்ப முன்னாடியே தனியாப் பிரிஞ்சு போன கிளைன்னு நான் சொல்றேன்."

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை நிமிர்ந்தார்.

"வாலு மீனுக்கு மாதிரி செங்குத்தா நிக்குமா, இல்ல ஓங்கிலுக்கு, அதான் டால்பினுக்கு மாதிரி படுக்கையா இருக்குமாங்க?"

என் ஆய்வைப் பற்றி எங்கள் ஊர்ப்பக்கம் யாராவது கேட்ட முதல் நல்ல கேள்வி அது. என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "செங்குத்தாத்தான் நிக்கும். சுறாவுக்கு முதுகெலும்பு வாலோட மேல் மடலுக்குள்ள போகும்ல? இதுக்கு அப்படியே கீழ வளைஞ்சு கீழ் மடலுக்குள்ள போகுது" என்று கையை வளைத்துக் காட்டினேன். அவரும் தன் கையை அதேபோல் வளைத்துப் பார்த்துக்கொண்டார்.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் வேணாம்மா. வீட்டோட இருந்தாப் போதும்."

"அடுத்த மாசம் ஜெர்மனி போறேன் மாமா. இதோட எலும்பெல்லாம் அங்கதான் இருக்கு. நேர்ல பாத்தாகணும். ஆறு மாசம்."

"பொம்பளப் புள்ள தனியாவா?"

"நீங்க சிங்கப்பூருக்குத் தனியாத்தான போனீங்க?"

கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். கார் தெரு திரும்பியதும் அப்பா, "வாயக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம் ஆத்தா" என்றார். அம்மா மிச்சமிருந்த கேசரியை எனக்கே தட்டில் போட்டுக் கொடுத்தார். வருத்தமாக இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்பப் பெறத் தோன்றவில்லை.

நான்கைந்து நாள் கழித்து மாப்பிள்ளையின் அம்மாவே என் போனுக்குக் கூப்பிட்டார்.

"அவன் சித்தப்பா சொன்னத மனசுல வச்சுக்காத. எம்மவன் ஒன்னைத்தான் கட்டுவேன்னு நிக்கிறான். எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அங்கிட்டுப் போனா திரும்பி வருவியா?"

"வந்துருவேன் அத்தை."

"அப்பச் சரி. போயிட்டு வா. வந்தப்புறம் தேதி குறிப்போம்."

ஜெர்மனியில் ஒரு அருங்காட்சியகத்தின் நிலவறையில், மேசை நீளத்துக்கு இருந்த சுண்ணாம்புக்கல் பலகையில் அந்த விலங்கை முதன்முதலாக நேரில் பார்த்தேன். கண்குழிக்கு மேலே புருவம்போல் பிதுங்கி நிற்கும் எலும்பு இந்தக் குடும்பத்தின் அடையாளம். கையுறை போட்ட விரலால் அதைத் தடவிப் பார்த்தேன். வால் வளையும் இடத்தைப் படமெடுத்து ஜெகதாப்பட்டினத்துக்கு அனுப்பினேன். "கீழதான் போகுது" என்று உடனே பதில் வந்தது.

அங்கே பார்த்த ஒவ்வொரு மண்டையோடும் என் பக்கமே பேசியது. மூஞ்சியின் நீளத்தை ஒதுக்கிவிட்டு, காதுப்பகுதியையும் மூளைப்பெட்டியையும் வைத்துப் பார்த்தால், இந்தக் குடும்பம் மற்ற நீள மூஞ்சி முதலைகளிடமிருந்து விலகித் தனியாகவே நின்றது. ஊர் திரும்பிய பிறகு கல்யாணம் நடந்தது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை ஐஸ் பிளாண்டின் அலுவலக அறையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதினேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர் எதிர்க்கட்சி. மூஞ்சியை அப்படி ஒதுக்கிவிட முடியாது என்று நெடுநேரம் மல்லுக்கு நின்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், "எனக்கு இன்னும் சம்மதமில்லை. ஆனா உங்க வாதத்துல ஓட்டை இல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. நாளைக்கே எங்காவது ஒரு புது மண்டையோடு கிடைத்து நான் போட்ட கிளையை இடம் மாற்றினால், மாற்றிக்கொள்வேன். அதுவரை அது நான் வைத்த இடத்தில்தான் இருக்கும்.