லின்னைத் தவிர எல்லோரையும் கேட்டார்கள்

கனடாவில், யூனியன்வில்லில், எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பெண் லின்னின் ஒரே மகன் சென்ற வாரம் கார் விபத்தில் இறந்துபோனான். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. லின்னுக்குக் கணவரும் இல்லை.

மறுநாளே துக்க ஆலோசகர் வந்துவிட்டார். நம்மவர்தான், சுகந்தி. சீனக் குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்வது எப்படி என்று ஒருநாள் பயிற்சி எடுத்தவர். மதியச் சாண்ட்விச்சுக்கும் பின்னேரத் தேநீருக்கும் இடையில் ஒரு சமூகத்தையே கரைத்துக் குடித்துவிட்டார்!

கட்டிப்பிடிக்கக் கூடாதாம். பிறர் முன்னால் அவர்கள் அழ மாட்டார்களாம். மூத்த ஆணிடம்தான் பேச வேண்டுமாம். ஆகவே மிசிசாகாவிலிருந்து வந்திருந்த லின்னின் மைத்துனரிடமே பேசிக்கொண்டிருந்தார். பிள்ளையின் இறுதிச் சடங்குக்குப் பெற்றவர்கள் போவது தங்கள் வழக்கமில்லை என்றார் அந்தப் பெரியவர். சுகந்தி பயபக்தியோடு தலையாட்டினார்.

லின்? குசினி மேசையில், நான் கொண்டுபோன கஞ்சிக்கு முன்னால் இருந்தாள். போக விருப்பமா என்று கேட்டேன். மகனை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாள். இதுவரை ஒருத்தரும் தன்னைக் கேட்கவில்லை என்றும் சொன்னாள்.

வாசலில் சுகந்தியை மறித்து விஷயத்தைச் சொன்னேன்.

"அது அவையின்ர கலாசாரம் அக்கா. நாங்கள் தலையிடக் கூடாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் நம் பெண்கள் சுடலைக்குப் போனதுண்டா? போன வருடம் இங்கே தன் தகப்பனாரின் தகனத்தில் எரியூட்டும் பட்டனை அமத்தியதே இந்தச் சுகந்திதான்! நாங்கள் பிளேன் ஏறினால் மாறலாம். சீனர்கள் மட்டும் பயிற்சியில் சொன்னபடியே அசையாமல் இருக்க வேண்டும்... இதற்குப் பெயர் மரியாதையாம்.

"உம்மட அப்பாவை அனுப்பேக்க நீர் ஆரிட்டக் கேட்டனீர்?" என்றேன்.

மேலிடத்தில் விசாரித்துச் சொல்வதாகக் கூறிப் போய்விட்டார்.

சடங்கன்று காலை லின் கறுப்புக் கோட்டுடன் என் வாசலில் நின்றாள். நான் காரை எடுத்தேன். மண்டபத்தில் அவளைக் கண்டதும் மைத்துனர் எழுந்தார். தடுக்கப் போகிறார் என்று பயந்துவிட்டேன். அவரோ அவள் கையைப் பிடித்துப் பெட்டியருகே கூட்டிப் போனார்.

லின் மகனின் முகத்தைத் தடவினாள். பிறகு வாய்விட்டு அழுதாள். மண்டபமே கேட்கும்படி அழுதாள்.

பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்த சுகந்தி கலவரத்தோடு என் காதருகே குனிந்தார்.

"அக்கா, அவையள் இப்பிடி அழுறேல்லையெல்லோ?"

"லின்னுக்கு அது தெரியாது. விடும், அழட்டும்."